ராஜினாமாவுக்கு முந்திய நினைப்பு: பட்டாசுச் சீமையின் ஆஸ்பத்திரிச் சிப்பந்திகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

உத்தியோகத்தை விட்டு விலகுவது ஒரே நாளில் நடந்து முடிகிற காரியம். விலகலாமா என்று நினைக்கத் தொடங்குவதோ மாதக்கணக்காகவும் வருஷக்கணக்காகவும் மனத்துக்குள் நடந்துகொண்டிருக்கிற விவகாரம். நிர்வாகங்கள் முன்னதை மட்டுமே கணக்கில் வைத்துக்கொள்ளும். ராஜினாமாக் கடிதம் வந்தால் அதற்கு ஓர் எண்ணிட்டுக் கோப்பில் சேர்ப்பதோடு அவற்றின் விசாரணை தீர்ந்துவிடும். பின்னதை, அதாவது நைட் டியூட்டி முடிந்து வீடு திரும்பும் ஒரு ஸ்டாஃப் நர்ஸின் மனத்தில் ‘இது எத்தனை நாளைக்கு?’ என்ற கேள்வி எதனால் எழுகிறது என்பதை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சிவகாசியையும் அதை ஒட்டிய விஸ்வநத்தம் முதலிய ஊர்களையும் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு: எங்கும் உள்ள ஆஸ்பத்திரிச் சிரமங்களெல்லாம் இங்கும் உள்ளன, அவற்றோடு, வேறெங்கும் அவ்வளவாக இல்லாத ஒரு பாரத்தை இவ்வட்டாரத்தின் தொழிலே சிப்பந்திகளின் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறது.

1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவர் ஊன்றிய வித்தே இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பட்டாசு ஆலைகளாய்ப் பல்கியிருக்கிறது என்பதும், நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் இங்கிருந்தே செல்கிறது என்பதும் யாவரும் அறிந்த சரித்திரம். அந்தச் சரித்திரத்தின் மறுபக்கமோ ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்களில் எழுதப்பட்டு வருகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் குறைந்தது 38 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆலையில் வேலை செய்தவர்களல்லர், புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிய அக்கம்பக்கத்தார். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் இறந்தோர் தொகை, முதல் நாள் எண்ணியதோடு நில்லாமல், வார்டுகளில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கண்மூட, நாளுக்கு நாள் ஏறி இருபதைக் கடந்தது. 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டியிலும் 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டியிலும் இதே கதை திரும்பியது. ‘மணிமருந்து’ என்னும் வெடிமருந்தைக் கலக்கையில் ஏற்படும் ஓர் உராய்வு ஒரு கணத்தில் ஓய்ந்துவிடுகிறது. அதன் பலனைச் சுமப்பவர்களுக்கோ வாரங்கள் பிடிக்கின்றன.

தீக்காய வார்டின் வேலை எத்தகையது என்பதை அறியாதவர்கள் அங்குள்ளோரின் களைப்பையும் அறிய இயலாது. முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணிக்க வைத்தியர்கள் கையாளும் பார்க்லண்ட் சூத்திரத்தின்படி, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், வெந்த பரப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லிலிட்டர் தேவை. ஆகவே 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடம்பில் பாதி வெந்திருந்தால் 12 லிட்டர் ஏற்ற வேண்டும், அதிலும் பாதியை விபத்து நேர்ந்த 8 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்பதை மணிக்கொரு தரம் அளந்து, அதற்கேற்பத் திரவத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வரவேண்டும். பின்னர் நாள்தோறும் கட்டுப் பிரித்துக் கட்டுப் போடும் வேலை. நோயாளி கதறக் கதற அதைச் செய்து முடிக்கிற கைகளுக்குரியவர் வெளியே வந்து உறவினர்களிடம் முகம் மாறாமல் பேசவும் வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டுப் பேசிய ஒருவர் பத்தாம் நாள் கிருமித் தொற்றினால் இறந்துபோவது இவ்வார்டில் அபூர்வமன்று. ஒரு நோயாளிக்கே ஏறத்தாழ ஒரு முழு ஆள் வேண்டிய இடத்தில் ஒரே மாலையில் பத்துப் பேர் வந்து சேர்ந்தால் என்னாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

வேலையை விடும் எண்ணத்தைப் பற்றி அறிஞர் செய்த ஆராய்ச்சிகள் இங்கே நமக்குத் துணைபுரிகின்றன. மார்ச், சைமன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1958இல் வெளியிட்ட நூலில், ஒருவர் ஒரு ஸ்தாபனத்தை விட்டு விலகுவதை இரண்டு விஷயங்கள் நிர்ணயிப்பதாகக் கூறினார்கள்: விலக வேண்டும் என்ற விருப்பம் ஒன்று, விலகிச் செல்ல வேறிடம் இருக்கும் சௌகரியம் மற்றொன்று. அதிருப்திக்கும் ராஜினாமாவுக்கும் இடையே, விட்டுவிடலாமா என்று நினைத்தல், வேறு வேலை தேடுதல், கிடைத்ததையும் இருப்பதையும் ஒப்பிடுதல், துணிதல் எனப் பல படிகள் உள்ளன என்பதை 1977இல் மோப்லி என்ற அறிஞர் வகுத்துக் காட்டினார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். விருப்பம் மிகுந்து சௌகரியம் குறைந்த இடத்தில் மனிதர்கள் விலகுவதில்லை. உடம்பால் இருந்துகொண்டு மனத்தால் போய்விடுகிறார்கள். ராஜினாமாக்களை மட்டும் எண்ணும் நிர்வாகி இவர்களைக் காண்பதே இல்லை.

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த விலகல் பல ரூபங்களில் நடைபெறுகிறது. அரசாங்கத்தில் நிரந்தரப் பதவி பெற்றவர் அதை விடுவது அரிது. அவருடைய விலகலுக்குப் பெயர் டிரான்ஸ்பர். தீக்காய வார்டிலிருந்து வேறு வார்டுக்கு, வட்டார ஆஸ்பத்திரியிலிருந்து சொந்த ஊருக்கு, நோயாளிகளிடமிருந்து அலுவலக மேஜைக்கு என்று அவர் வழி தேடுகிறார். இளம் வைத்தியருக்கு மேற்படிப்பே வாசல். தொகுப்பூதியத்தில் இருப்பவர், நிரந்தரமாகும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பதும், காத்திருப்பதன் அர்த்தமின்மையை எண்ணி மனம் சோர்வதுமாகத் தவணை தவணையாக விலகுகிறார். தனியார் ஆஸ்பத்திரி நர்ஸோ, மதுரையிலோ சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ இடம் கிடைத்தால் சொல்லாமல் புறப்பட்டுவிடுகிறார். கிடைக்காதபோது கல்யாணமும் பிரசவமுமே அவருடைய ராஜினாமாக் கடிதங்கள் ஆகின்றன. வெளிக்கு வேறுவேறாகத் தோன்றும் இவையெல்லாம் ஒரே மரத்தின் கிளைகளே.

அம்மரத்தின் வேர்களில் முதலாவது, வேலை நிலையாக இருக்க வேலைக்காரர் மட்டும் தற்காலிகமாக இருக்கும் விபரீதம். 2015ஆம் வருஷம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேர்ந்த ஆயிரக்கணக்கான நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள்; இரண்டு வருஷத்துக்குப் பின் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் அது நிறைவேறாமையால் 2017 நவம்பர் இறுதியில் சென்னைத் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு போராடியதும், உயர்நீதிமன்றம் தலையிட்டதும் தெரிந்ததே. ஊதியம் பின்னர் 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது; நிரந்தரம் மட்டும் காலியிடத்தைப் பொறுத்துச் சிலருக்குக் கிட்டியது, பலருக்குக் கிட்டவில்லை. கொரோனாக் காலத்தில் 2020இல் சேர்க்கப்பட்ட 2,000க்கும் மேற்பட்ட நர்ஸுகளின் பணி 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. பிறகு அவர்களுக்கு மாற்று ஏற்பாடுகள் அறிவிக்கப்பட்டன என்றாலும், அபாய காலத்தில் வேண்டியவர்கள் அபாயம் நீங்கியதும் வேண்டாதவர்கள் என்ற பாடம் அந்தத் தேதியில் எழுதப்பட்டுவிட்டது. பக்கத்துக் கட்டிலில் நிரந்தர நர்ஸ் செய்யும் அதே வேலையைப் பாதிக்கும் குறைவான சம்பளத்துக்குச் செய்பவருக்குச் சோர்வைக் காட்டிலும் அவமானமே அதிகமாக உறைக்கும்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலை வேறு வகையில் கடினமானது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, 200 கட்டிலுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் அரசாங்க நர்ஸுக்கு இணையான சம்பளம் தரவேண்டும் என்றும், 50 கட்டிலுக்குக் குறைந்த ஸ்தாபனங்களிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதென்றும் சிபாரிசு செய்தது. அண்டை மாநிலமான கேரளம், நர்ஸுகள் சங்கமாகத் திரண்டு நெருக்கியதன் பயனாக, 2018இல் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவிக்கை மூலம் உயர்த்தியது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களிலோ அந்தச் சிபாரிசு ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிட்டது. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, மாற்று ஆள் வராவிட்டால் டபுள் டியூட்டி, சேரும்போதே அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவை சேர்ந்து, விலகும் விருப்பத்தை வளர்த்துக்கொண்டே விலகும் சௌகரியத்தைக் குறைக்கின்றன. சான்றிதழைப் பூட்டி வைத்து ஆளை நிறுத்தலாம். அக்கறையை நிறுத்த முடியாது.

சம்பளம் ஒன்றே காரணம் என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை அரசாங்க வைத்தியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைக் கவனித்தால் இது விளங்கும். 2009ஆம் வருஷத்து 354ஆம் எண் அரசாணைப்படி ஊதிய உயர்வு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மற்றவையோ, நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்தியர் பதவிகளை அமைக்க வேண்டும், மேற்படிப்பில் அரசாங்க ஊழியர்க்கு இருந்த 50 சதவீத ஒதுக்கீட்டை மீட்க வேண்டும், மேற்படிப்பு முடித்தவர்க்குக் கலந்தாய்வு மூலம் இடமளிக்க வேண்டும் என்பன. அதாவது, போதிய கைகள், மேலேறும் படி, நியாயமான இடமாற்றம் ஆகியவற்றையும் அவர்கள் கேட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்தபின் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. நியாயமான இடமாற்றத்தைக் கேட்டவர்களுக்கு இடமாற்றமே தண்டனையாக வந்த வேடிக்கையை என்னென்பது!

போதிய கைகள் இல்லாமைக்கும் விலகும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு ஊகமன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளையும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸுகளையும் ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவருடைய சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும் அறுவைச் சிகிச்சை பெற்றோர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனம் எரிந்து சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்ந்தன. அவ்வாறு சோர்ந்து அதிருப்தியும் கொண்ட நர்ஸுகளில் 43 சதவீதம் பேர் ஒரு வருஷத்துக்குள் வேலையை விட எண்ணியிருந்தார்கள்; சோர்வும் அதிருப்தியும் இல்லாதவர்களிலோ 11 சதவீதம் பேரே. அந்நாட்டு எண்களை நம் வார்டுகளுக்கு அப்படியே பெயர்ப்பது தகாது. ஆனால் அவை காட்டும் திசை எங்கும் ஒன்றே. நர்ஸைச் சோர்வுறச் செய்வதும் நோயாளியைக் கொல்வதும் ஒரே பற்றாக்குறை.

விஸ்வநத்தத்தார்க்கு இந்த நியாயம் புதியதன்று. பட்டாசு தயாரிக்கும் ஓர் அறைக்குள் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்று வெடிபொருள் விதிகள் கூறுவதையும், விதியை மீறி ஆட்களை அடைத்த அறைகளிலேயே உயிர்ச்சேதம் பெருகுவதையும் அவர்கள் கண்டறிந்தவர்கள். இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற எல்லை ஆலைக்கு உண்டு. இத்தனை நோயாளிக்கு இத்தனை நர்ஸ் என்ற எல்லை வார்டுக்கு இல்லையா? ஏட்டில் உண்டு. போதனா ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒருவர், பொது ஆஸ்பத்திரியில் ஐவருக்கு ஒருவர், விடுப்பை ஈடுசெய்ய மேற்கொண்டு 30 சதவீதம் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோல். மீறினால் தண்டிக்கும் சட்டபலம் மட்டும் அதற்கு இல்லை. கலிபோர்னியா 1999இல் சட்டமியற்றி 2004 முதல் இவ்வெல்லையை நடைமுறைப்படுத்தியது என்பதால், இது நடவாத காரியம் என்று சொல்வதற்கும் இடமில்லை.

இனி, எண்களில் அடங்காத ஒரு துன்பத்தைக் கூறவேண்டும். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும், ஸ்தாபனத்தின் குறைகளால் அதைச் செய்ய இயலாதபோது உண்டாகும் தர்மசங்கடத்தை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ ஆசிரியர் நர்ஸுகளுக்குரிய தனித் துயரமாக அடையாளம் காட்டினார். முதலிப்பட்டி விபத்தின்போது பலத்த தீக்காயம் பட்டவர்களைச் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேர்ந்தது. முதல் சில மணி நேரமே உயிருக்கு எல்லை என்பதை அறிந்தவர்களே ‘ரெஃபர்’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டியிருந்தது. இன்று சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு உண்டு; விருதுநகரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. கட்டடமும் கட்டிலும் வந்திருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கட்டில் ஒருவரையும் காப்பதில்லை. கட்டிலருகே நிற்பவரே காக்கிறார். அவர் நிற்கவேண்டிய இடத்தில் ஆள் இல்லையென்றால், இருப்பவருடைய மனச்சாட்சி இருமடங்கு வேலை செய்யும்.

பழியும் பயமும் மற்றொரு காரணம். 2018 டிசம்பரில், சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து பெற்ற ரத்தத்தைச் சாத்தூரில் ஏற்றிக்கொண்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றிய கொடுமை நாட்டையே உலுக்கியது. அக்குற்றத்தை இலேசாகக் கருதுவதற்கில்லை. அப்பெண்மணிக்கு இழைக்கப்பட்ட தீங்கு எந்த நஷ்டஈட்டாலும் தீராதது. ஆயினும் முதல் நடவடிக்கை கீழ்ப்படியிலிருந்த ஆய்வகச் சிப்பந்திகள்மீது பாய்ந்ததைக் கண்டவர்கள், பிழை நேரும் வழியை அடைப்பதற்கு முன்னரே பிழை செய்தவரைத் தேடுவது வழக்கம் என்று கற்றுக்கொண்டார்கள். உறவினர்களின் ஆத்திரமும் இதோடு சேர்கிறது. வைத்தியச் சிப்பந்திகளைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே தனிச் சட்டம் இருந்தும், 2024 நவம்பர் 13ஆம் தேதி சென்னை கிண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு புற்றுநோய் நிபுணர் கத்தியால் குத்தப்பட்டார். ஆளில்லாமையால் நேர்ந்த தாமதத்துக்கு ஆளாய் நிற்பவரே அடிபடுகிறார். அடிபட்டவர் விலக எண்ணினால் ஆள் இன்னும் குறைகிறது.

இவ்வளவையும் கேட்டபின்னும், ‘அந்தக் காலத்துச் சேவை மனப்பான்மை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை’ என்று கூறுவோர் உண்டு. 1871இல் சென்னைப் பெரியாஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கிய நாள் முதல் இத்தொழிலுக்குப் புகழ்மாலை குறைவில்லை. தேவதை என்றும் தாய் என்றும் போற்றாத மேடையில்லை. ஆனால், சேவை என்ற உயர்ந்த சொல்லைச் சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் ஈடாகக் கொடுப்பது, கடனைப் பாராட்டால் அடைப்பது போன்றதாகும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல், வேலையால் எரிந்து சோர்ந்துபோகும் நிலையைத் தொழிலைச் சார்ந்த நிகழ்வாகத் தன் வகைப்பாட்டில் சேர்த்து, சமாளிக்கப்படாத நீடித்த பணி நெருக்கடியே அதன் காரணம் என்று வரையறுத்தது. அதைத் தனி மனிதரின் பலவீனம் என்று அது சொல்லவில்லை. ஈடுபாடு அற்றவர்க்கு இத்துன்பம் அதிகம் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. கதறலைக் காதில் வாங்காதவர் எத்தனை வருஷமும் அவ்வார்டில் இருந்துவிடலாம். விலக எண்ணுபவர் பெரும்பாலும் காதில் வாங்கியவரே.

ஆகவே, ஏன் போகிறார்கள் என்பதோடு ஏன் இருக்கிறார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். 1983இல் அமெரிக்க நர்ஸிங் அறிஞர் சபையினர் இக்கேள்வியைக் கையிலெடுத்து, நர்ஸ் பஞ்சம் நிலவிய காலத்திலும் தம் சிப்பந்திகளைத் தக்கவைத்துக்கொண்ட 41 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். போதிய ஆட்கள், வார்டு விஷயங்களில் நர்ஸின் சொல்லுக்கு மதிப்பு, கற்கவும் உயரவும் வழி ஆகியவையே அங்கெல்லாம் பொதுவாகக் காணப்பட்டன. நம் மாகாணத்திலும் சான்று உண்டு. அரசாங்கப் பணியிலிருக்கும் வைத்தியர்க்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டென 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது; கிராமங்களில் பணியாற்ற இளைஞர்கள் முன்வருவதற்கு அந்த ஒதுக்கீடு நெடுங்காலம் தூண்டுகோலாய் இருந்துவந்தது. வைத்தியருக்கு இப்படியொரு படிக்கட்டு உண்டு. பத்து வருஷம் தீக்காய வார்டில் பழகி, எந்தக் கை எந்தக் காயத்தை எப்படித் தொடவேண்டும் என்று அறிந்த நர்ஸுக்கு என்ன படிக்கட்டு இருக்கிறது? அவருடைய ஞானத்துக்குத் தனிப் பதவியும் இல்லை, தனிப் படியும் இல்லை. ஒரு டிரான்ஸ்பரில் அது கரைந்துபோகிறது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. பட்டாசு வட்டாரத்து ஆஸ்பத்திரிகளின் பதவிகளைச் சாதாரண நாளின் சராசரிக் கூட்டத்தை வைத்து நிர்ணயிக்காமல், தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அபாயத்தை வைத்து நிர்ணயிக்க வேண்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள் என்பது விதியாக வேண்டும். தீக்காயப் பராமரிப்பில் தேர்ந்தவர்க்குத் தனிப் படியும் பதவி உயர்வும் வேண்டும். பெரும் விபத்துக்குப்பின் அவ்வார்டில் உழைத்தவர்க்கு, கேட்டுப் பெறும் சலுகையாக அல்லாமல், தானே வரும் விடுப்பு வேண்டும். இவற்றோடு, வருஷத்துக்கு ஒருமுறையேனும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் சிப்பந்திகளை, பெயர் கேளாமல், ‘விலக நினைக்கிறீர்களா, எதனால்?’ என்று கேட்டு, கிடைத்த விடையைப் பகிரங்கப்படுத்த வேண்டும். நோயாளியின் காய்ச்சலைக் கேட்டறியும் ஸ்தாபனம் தன் காய்ச்சலைக் கேட்டறியக் கூசலாகாது.

விலக வேண்டும் என்ற நினைப்பு துரோகமன்று. அந்த ஸ்தாபனத்தைப் பற்றி, அதை உள்ளிருந்து அறிந்தவர் எழுதும் முதல் அறிக்கை அது. ராஜினாமாவாக வந்து சேரும்போது அந்த அறிக்கையைப் படித்துப் பயனில்லை. நினைப்பாக இருக்கும்போதே படிக்க வேண்டும். நாட்டின் தீபாவளிக்கு வெளிச்சம் தரும் வட்டாரத்தில், அந்த வெளிச்சத்தால் வெந்தவர்களைத் தாங்குகிறவர்களுக்குப் போதிய துணையாட்களை அமர்த்துவது கருணையன்று, தொழிலின் அடக்கவிலையில் சேர்க்க வேண்டிய செலவு. அதை ஆலை முதலாளிகளும் அரசாங்கமும் பட்டாசு வாங்கும் நாமும் பகிர்ந்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.